ஒரே அளவுத் துளிகள்

மெரிடா நகரில் மின்சாரம் போவதெல்லாம் ஒரு செய்தியா? அன்றும் ஆய்வுக்கூடத்தில் எண்ணெயையும் தண்ணீரையும் அடித்துக் கலக்கும் இயந்திரம் பாதியில் நின்றது. அங்கே வேலை பார்க்கும் எண்டேர் குடுவையை மூடி, கையாலேயே குலுக்கி முடித்தான்.

மறுநாள் பார்த்தால் துளிகளெல்லாம் பெரிது பெரிதாக இருந்தன. ஆய்வுக்கூடத் தலைவி டாக்டர் பெல்கிஸ் எல்லோர் எதிரிலும் அவனைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன எண்டேர் இது? முகத்துல பூசுற கிரீம் கேட்டா கஞ்சி காய்ச்சி வச்சிருக்கீங்க! இதென்ன மராக்கா கிலுகிலுப்பையா, ஜல்ஜல்னு ஆட்டுறதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கலவைக்குத் துகள் கலந்த தண்ணீரை ஊற்றித் தந்த, கூட வேலை பார்க்கும் நோஹெலியாவும் சிரித்தாள். சிரித்ததோடு விட்டாளா? "அவர் கை அப்படித்தான் டாக்டர்" என்று ஒரு வார்த்தையும் போட்டாள். தலைநகர் கராகஸில் நடக்கும் மாநாட்டில் பேசவிருந்த எண்டேரை நிறுத்திவிட்டு அவளைப் போகச் சொன்னார்கள்.

மாநாட்டுக்குப் படம் எடுக்க நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவள், வைத்தபடியே நின்றுவிட்டாள்.

துளிகள் பெரியவைதான். ஆனால் எல்லாம் ஒரே அளவு. குலுக்கியது கோளாறென்றால் சந்தைக் கிழங்கு மாதிரி பெரிதும் சிறிதுமாக அல்லவா கிடக்கும்? ஒவ்வொரு துளியும் சிலிக்கா நுண்துகளால் ஒரு சட்டை போட்டுக்கொள்ள வேண்டும், கண்ணுகளா. துகள் போதாவிட்டால், அரைச்சட்டைத் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துக்கொண்டே போகும். இருக்கிற சட்டை மேனி முழுக்க மூடியதும் நின்றுவிடும். அப்படி நின்றவைதான் இவை. குறைந்துபோனது துகள்தான், குலுக்கல் அல்ல.

அன்று போனில் அக்காவோடு பேசிக்கொண்டே, அடியில் படிந்த துகளைக் கலக்காமல் மேல்தண்ணீரை மட்டும் எடுத்து ஊற்றியது நினைவுக்கு வந்தது. அவளுக்குக் காது மடல்வரை சுட்டது.

எண்டேர் படிக்கட்டில் உட்கார்ந்து அரேப்பா என்ற சோள ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான்.

"தப்பு உங்க கையில இல்ல. நான்தான் துகளைக் கலக்காம ஊத்திட்டேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"நானும்தான் பாத்தேன். அச்சுல வார்த்த மாதிரி இருந்துச்சே."

"அப்ப ஏன் வாயைத் திறக்கல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்." அவன் குரலில் கோபமில்லை. அதுதான் அவளை அறுத்தது. "அன்னைக்கே."

எல்லோரும் காப்பிக்குக் கூடியிருந்த நேரம் பார்த்து அவள் டாக்டர் பெல்கிஸ் முன்னால் போய் நின்றாள். சொன்னாள். பாதியில் நின்று, மறுபடி தொடங்கிச் சொன்னாள். டாக்டர் கோப்பையைக் கீழே வைத்தார். "மாநாட்டுக்கு அவரே போகட்டும். அவருக்குப் படத்தைக் குடுங்க" என்றார்.

எண்டேர் கராகஸுக்குக் கிளம்பிய காலையில் நோஹெலியா படங்களை அவன் கையில் கொடுத்தாள். "போயிட்டு வாங்க" என்று சொல்ல வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல், அவன் தோளில் தொங்கிய பையின் வாரைச் சரிசெய்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.