மாண்புமிகு என்ற பன்றி

எனிஃபா தன் பன்றிக்கு ‘மாண்புமிகு’ என்று பெயர் வைத்ததைக்கூட யாரும் கண்டுகொள்ளவில்லை. அந்தப் பெயரைச் சொல்லி அதைத் திட்டிய நேரம்தான் கோளாறாகிவிட்டது. பன்றி பக்கத்துத் தோட்டத்தில் புகுந்து மரவள்ளியைத் தோண்டிக்கொண்டிருந்தது. எனிஃபா வேலியோரம் நின்று தொண்டை கிழியக் கத்தினாள்.

“ஏய் மாண்புமிகு! ஊரான் கெழங்கத் தின்னே வயித்த வளத்துட்ட! வெளிய வாடா நாயே!”

வேலிக்கு அந்தப் பக்கம், ஏரிக்கரைச் சாலையில், தொகுதியின் ‘மாண்புமிகு’ எம்.பி.யின் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. கார்களின் ஹாரன் சத்தத்தையும் மீறி அவள் குரல் கேட்டது. அன்று சாயங்காலமே போலீஸ் வந்து எனிஃபாவைப் பிடித்தது. வழக்குச் சான்று என்று பன்றியையும் பிடித்தது. எனிஃபாவைவிடப் பன்றிதான் அதிகம் முரண்டு பிடித்ததாகச் சொன்னார்கள்.

ஐந்து வாரம் கழித்துத்தான் செய்தி தியாஞ்சானே கம்வெண்டோவின் காதுக்கு எட்டியது. அவள் பிளான்டயர் நகரத்தில் மனித உரிமை வக்கீல். நான்கு நாவல்களும் எழுதியிருந்தாள். எழுத்தாளர்கள் அவளை நல்ல வக்கீல் என்றார்கள். வக்கீல்கள் அவளை நல்ல எழுத்தாளர் என்றார்கள். இரண்டு பேச்சுக்கும் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். மறுநாளே காரை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனாள்.

சிறையில் எனிஃபா முதலில் கேட்டது தன்னைப் பற்றி இல்லை.

“பன்னி எப்படியிருக்கு வக்கீலம்மா?”

“போலீஸ் ஸ்டேஷன் பின்னாடி கட்டிப் போட்டிருக்காங்களாம். விசாரிக்கிறேன்.”

“அத வித்துத்தான் ரெண்டு புள்ளைங்களையும் பள்ளிக்கூடம் அனுப்பணும். அது கெடக்கட்டும், நீங்கதான் கதை எழுதுறவங்களாமே? உள்ள ஒரு அக்கா உங்க பொஸ்தகத்தப் படிச்சுக் காட்டுச்சு. கடைசில அந்தப் புருஷன எதுக்கு சாகடிச்சீங்க?”

“அவன் திருந்துற ஆளு இல்ல எனிஃபா.”

“அப்ப மொதப் பக்கத்துலயே சாகடிச்சிருக்கலாம்ல? அவன எரநூறு பக்கம் சகிச்சுக்க வேண்டியதாப் போச்சு.”

இரண்டு பத்திரிகை விமர்சகர்கள் நீட்டி முழக்கி எழுதியதை இவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாளே என்று தியாஞ்சானேவுக்குச் சிரிப்பு வந்தது. வழக்கு எந்த மாஜிஸ்ட்ரேட்டிடம் வருகிறது என்று கேட்டாள்.

“நியிரோங்கோ ஐயாவாம்.”

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

அவளுடைய இரண்டாவது நாவலில் ஒரு மாஜிஸ்ட்ரேட் வருவார். சாட்சி பேசும்போதெல்லாம் குறட்டை விடுவார். திடுக்கென்று விழித்து, எதிரில் நிற்கும் தன் குமாஸ்தாவுக்கே மூன்று மாதம் தண்டனை கொடுப்பார். பெயரை மாற்றித்தான் எழுதியிருந்தாள். ஆனால் தடித்த கண்ணாடியையும் இடது காது மச்சத்தையும் மாற்றவில்லை. அது நியிரோங்கோதான் என்று நாடே பேசியது. ஆறு வருஷமாக அவர் முகத்தில் விழிக்காமல் தப்பித்து வந்தவள், இப்போது தானாகப் போய் மாட்டிக்கொண்டாள்.

விசாரணை அன்று கோர்ட்டில் ஜன்னல் விளிம்பில்கூட ஆள் உட்கார்ந்திருந்தது. அங்கே இந்த மாதிரி வழக்குகளில் அரசுத் தரப்பில் போலீஸே வாதாடும்; எனிஃபாவைப் பிடித்த ஸ்டேஷனின் சப்-இன்ஸ்பெக்டர் கலோங்கா வாதாடினார். அவருடைய முக்கிய சாட்சி, அன்று ஊர்வலத்தில் போன, எம்.பி. கட்சியின் வட்டச் செயலாளர் ஜெஸ்டன். சூட்டுப் போட்டு வியர்த்துக்கொண்டிருந்தார்.

தியாஞ்சானே எழுந்தாள். “அவ பன்னியத் திட்டினா. உங்களுக்கு ஏன் எம்.பி.ய திட்டுன மாதிரி இருந்துச்சு?”

“மாண்புமிகுன்னு சொன்னாளே!”

“இந்த நாட்டுல மாண்புமிகு எத்தனை பேர் இருக்காங்க?”

“நூத்துக்கு மேல இருப்பாங்க.”

“அவங்கள்ல நம்ம எம்.பி.தான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“ஊரான் சொத்தைத் தின்னு வயித்த வளத்தவன்னு அவ சொன்ன ஒடனே எனக்கு...” ஜெஸ்டன் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

கோர்ட்டு சிரிப்பில் குலுங்கியது. தியாஞ்சானே மேடையைப் பார்த்தாள். நியிரோங்கோ நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். இந்த வழக்கிலேயே அருமையான பதில் அது. அதைக் கேட்க வேண்டியவர் தூங்குகிறார். கலோங்கா அவளைப் பார்த்து இளித்தார்.

“கனம் மாஜிஸ்ட்ரேட் அவர்களே...” என்று சற்று உரக்கவே சொன்னாள்.

“கண்ண மூடியிருந்தா தூங்குறேன்னு அர்த்தம் இல்ல, வக்கீலம்மா,” என்றார் கண்ணைத் திறக்காமலே. “சாட்சியோட மூஞ்சி என் கவனத்தக் கலைக்குது. அவரு சொன்னதக் குறிச்சாச்சு. கலோங்கா, பன்னிய ஆஜர் பண்ணுங்க.”

கலோங்கா தொண்டையைச் செருமினார். “சான்றுப் பொருள் காலமாகிடுச்சுங்க ஐயா.”

“எப்படி?”

“நோயில.”

“எங்க பொதச்சீங்க?”

கலோங்கா தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்வரிசையில் இருந்து ஒரு கான்ஸ்டபிள் ஏப்பம் விட்டது தெளிவாகக் கேட்டது.

நியிரோங்கோ இப்போது கண்ணைத் திறந்தார். “சுதந்திர தினத்தன்னைக்கு ஸ்டேஷன்ல விருந்து நடந்துச்சாமே? ந்சிமாக் களிக்குத் தொட்டுக்க என்ன இருந்துச்சு கலோங்கா?”

யாரும் சிரிக்கவில்லை. எனிஃபா கூண்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வாரச் சிறையில் அழாதவள் அப்போதுதான் அழுதாள். தியாஞ்சானேவுக்குச் சட்டம், நாவல், வாதம் எல்லாம் மறந்துபோய், அந்த சப்-இன்ஸ்பெக்டரின் கழுத்தைத் திருகினால் என்ன என்று தோன்றியது.

தீர்ப்பு பத்தே வரி. பன்றிக்கு என்ன பெயர் வைப்பது என்பது வளர்ப்பவரின் விருப்பம், எம்.பி.யை அவமதித்தது வட்டச் செயலாளரின் சாட்சியம்தான், எனிஃபாவுக்கு விடுதலை. இரண்டு வாரத்துக்குள் போலீஸ் ஸ்டேஷன் அவளுக்குச் சினைப்பன்றி ஒன்று வாங்கித் தர வேண்டும். தவறினால் கலோங்கா அதே கூண்டில் வந்து நிற்க வேண்டும்.

கூட்டம் கலைந்ததும் பியூன் வந்து, ஐயா கூப்பிடுகிறார் என்றார்.

அறையில் நியிரோங்கோவின் மேஜைமேல் அவளுடைய இரண்டாவது நாவல் கிடந்தது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை.

“எழுபத்தி மூணாம் பக்கம்,” என்றார். “ஜாமீன் மனுவத் தப்பாப் போட்டிருக்கீங்க. சட்டம் படிச்சவங்கதானே நீங்க?”

“தப்புதான் ஐயா.”

“எனக்குக் கண்ணுல வியாதி. வெளிச்சம் பட்டா எரியும், அதான் மூடிக்கிறேன். என் மக கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டுப் பசங்க வரிசையா ஒக்காந்து கொறட்டை விட்டுக் காட்டுனாங்க. அவ அழுதுட்டா.”

மந்திரிகளை எதிர்த்து எத்தனையோ மேடைகளில் நாக்கு தடுமாறாமல் பேசியவள் இப்போது தலையைக் குனிந்துகொண்டாள். “நீங்க என் மேல வழக்குப் போட்டிருக்கலாமே,” என்றாள் மெதுவாக.

“போட்டிருந்தா ஜெஸ்டன் மாதிரி நானும் கூண்டுல நின்னு, அது நான்தான்னு சத்தியம் பண்ணணும். நான் என்ன கிறுக்கனா?”

“அந்த மாஜிஸ்ட்ரேட் வர்ற பக்கத்த மாத்த மாட்டேன் ஐயா. எழுதுறத மாத்த ஆரம்பிச்சா அப்புறம் நிறுத்த முடியாது. ஆனா உங்க மககிட்ட மன்னிப்புக் கேக்கணும். விலாசம் குடுப்பீங்களா?”

அவர் ஒரு சீட்டில் விலாசத்தை எழுதி அவள் பக்கம் தள்ளினார். “டீ குடிச்சிட்டுப் போங்க. சர்க்கரை கெடையாது, குமாஸ்தா திருடிட்டான். அவனுக்கு மூணு மாசம் குடுக்கலாம்னு இருக்கேன்.”

அவர் சிரிக்கிறாரா என்று தியாஞ்சானேவால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. கசந்த டீயை முழுதாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.