இறைத்துக் கொட்டிய தண்ணீர்

காலையில் கட்டிலை விட்டு எழுந்து நிற்பதற்குள் அம்புஜத்துக்குப் போட்டு வைத்த காபி ஆறிப்போகும். முதலில் உட்கார்ந்து இரண்டு முட்டியையும் தேய்ப்பாள். பிறகு சுவரைப் பிடிப்பாள். எழும்போது "பெருமாளே" என்று தானாக வாயில் வரும். கேட்டுக் கேட்டு அவள் கணவர் ரங்கநாதனுக்கு அது பழகிப்போய்விட்டது. பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "தைலம் தேச்சுக்கோ" என்பார்.

ரங்கநாதன் பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெங்களூர் ஈஜிபுராவை ஒட்டி எழும்பிய அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். வேலையில் இருந்த காலமெல்லாம் மேனேஜருக்குத் தலையாட்டியவருக்கு இப்போதுதான் சொந்தமாக ஒரு நாற்காலி கிடைத்திருந்தது. அதில் கொஞ்சம் அழுத்தமாகவே உட்கார்ந்துவிட்டார்.

குடியிருப்பில் ஒரு நீச்சல் குளம் உண்டு. பிளாட் விற்பதற்காக விளம்பரத்தில் படம் போட்ட குளம். விற்று முடிந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் குதிப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பிசியோதெரபிஸ்ட் கிருத்திகாதான் ஒருநாள் அம்புஜத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, மார்பளவு தண்ணியில தெனம் நடங்க. உடம்பு பாரத்தத் தண்ணி தாங்கிக்கும். முட்டிக்கு அழுத்தம் இல்லாம சதை பலமாகும், வலியும் கொறையும்."

"இந்த வயசுல நான் பூல்ல எறங்கினா எல்லாரும் சிரிப்பாங்கம்மா."

"சிரிச்சுட்டுப் போகட்டும். வலி உங்களுக்குத்தானே?"

கல்யாணமான நாளிலிருந்து புடவையைத் தவிர வேறு எதுவும் உடுத்தாத அம்புஜம், சுடிதார் மாட்டிக்கொண்டு குளத்தின் இரும்பு ஏணி வரை வந்துவிட்டாள். வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். பயம். கீழே யாராவது கையைப் பிடித்தால்தான் இறங்குவேன் என்று அடம் பிடித்தாள். முதல் சில நாள் கிருத்திகா பிடித்தாள். அவளுக்கும் ஆஸ்பத்திரி வேலை இருக்கிறதே! "நான் புடிச்சிக்கறேம்மா" என்று முன்னால் வந்தாள் முத்தம்மா.

முத்தம்மா ஈஜிபுராவிலிருந்து வந்து நாலைந்து வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவள். வேலை செய்பவர்கள் லிப்டில் ஏறக் கூடாது என்பது சங்கத்தின் விதி. மாடிப்படி ஏறி ஏறி அவள் முட்டியும் வீங்கித்தான் கிடந்தது. அம்புஜத்துக்குத் துணையாகத் தண்ணீரில் இறங்கியவள், ஒரு வாரம் போனதும் கண் விரிய, "யம்மா, எனக்கும் வலி கொறஞ்சிருக்கும்மா!" என்றாள். அதன் பிறகு இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்குமாக நடந்தார்கள். மருமகள்களைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். அம்புஜம் மார்க்கெட் வரை நடந்துபோய்க் கீரை வாங்கி வந்தாள். வீட்டில் "பெருமாளே" சத்தம் நின்றுபோனதை ரங்கநாதனும் கவனித்தார், சந்தோஷப்பட்டார்.

சந்தோஷம் அடுத்த சங்கக் கூட்டம் வரைதான்.

"ரங்கநாதன் அவ்ரே, நம்ம பசங்க ஆடற தண்ணி அது. ஹைஜீன் பாக்கணும் அல்லவா?" என்று கன்னடம் கலந்த தமிழில் ஆரம்பித்தார் பொருளாளர் உமேஷ். சுற்றி இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். ஜாதி என்ற சொல்லை ஒருவரும் வாயால் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது. 'என் மனைவியும் அதே தண்ணீரில்தான் நிற்கிறாள், அவளுக்குக் கை கொடுக்கத்தான் முத்தம்மா இறங்குகிறாள்' என்று ரங்கநாதன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாற்காலி ஆடிவிடுமோ என்ற பயத்தில் அவர் வாயைத் திறக்கவில்லை. குளத்தை முழுக்க இறைத்துவிட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, புதுத் தண்ணீர் விடச் சொன்னார். வேலை செய்பவர்களுக்கு அனுமதி இல்லை என்று ஒரு போர்டும் வைக்கச் சொன்னார்.

மறுநாள் துண்டும் கையுமாக இரண்டு பெண்களும் வந்தபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வடிந்திருந்தது. முத்தம்மா போர்டைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எதற்கு என்று தெரிந்துவிட்டது. "பாத்திரம் போட்டது அப்படியே கெடக்கும்மா, நான் போறேன்" என்று திரும்பி நடந்தாள்.

அது மார்ச் மாதம். இரண்டு நாளில் நிரப்பிவிடலாம் என்று ரங்கநாதன் நினைத்திருந்தார். அந்த வருஷம் போர்வெல் கையை விரித்துவிட்டது. குடிக்கவும் குளிக்கவுமே லாரித் தண்ணீர் என்று ஆன பிறகு குளத்துக்கு எங்கே போவது? பெங்களூரில் கோடைக்கு முன் யாராவது நிறைந்த தண்ணீரைச் சாக்கடையில் விடுவார்களா? படித்த மனிதர் விட்டார்.

"என் காலுக்கு இருந்த மருந்த எறைச்சு ரோட்டுல கொட்டிட்டீங்க" என்று அம்புஜம் ஒரே ஒரு முறை சொன்னாள். பிறகு சுவரைப் பிடிக்க ஆரம்பித்தாள். மழைக்காலத்துக்குள் முட்டி மடங்க மறுத்தது. ஆபரேஷன் ஒன்றுதான் வழி என்ற டாக்டரே, இருதயம் தாங்காது என்று கையும் விரித்தார். முத்தம்மா வேலைக்கு வருவதை எப்போதோ நிறுத்தியிருந்தாள்.

அடுத்த வருஷம் போர்வெல்லில் தண்ணீர் ஏறியது. ரங்கநாதன் யாரையும் கேட்காமல் போர்டைப் பிடுங்கி எறிந்தார். குளத்தை நிரப்பினார். அம்புஜத்தைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து கரையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். முட்டி மடங்காத காலை ஏணியில் எப்படி வைப்பது? ஆஸ்பத்திரிக்கு ஓடும் கிருத்திகாவை விட்டால், கீழிருந்து தாங்கிப் பிடிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான். அவளைத் தேடி ஈஜிபுரா சந்துக்குள் நடந்தார்.

முத்தம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நீயும் வந்து தண்ணியில நடக்கலாம் முத்தம்மா. இனிமே யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"இப்ப பாத்ரூமுக்கே எம்பொண்ணு தூக்கிட்டுப் போறா சார்." அவள் குரலில் கோபம் இல்லை. "அன்னிக்கே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே? நான் வராம இருந்திருப்பேன். அம்மாவுக்காச்சும் தண்ணி இருந்திருக்கும்."

ரங்கநாதன் மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தார். "வரேன்" என்ற சொல்தான் வந்தது.

தனியாகத் திரும்பி வந்தவரைப் பார்த்ததுமே அம்புஜத்துக்குப் புரிந்துவிட்டது.

"தப்புப் பண்ணிட்டேன் அம்புஜம்."

அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துலதாங்க வலிச்சது. தண்ணி ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் தாங்கிச்சு. நீங்கதான் பிரிச்சுப் பாத்தீங்க. இன்னொருத்திய வெளியே நிறுத்தணும்னு கதவச் சாத்தினா, நம்ம வீட்டுப் பொம்பளையும் வெளியேதான் நிக்கணும். அத நான் இப்படிக் கெடந்துதானா உங்களுக்குப் புரிய வைக்கணும்?"