கல்யாணப் படத்தில் கண் போன இடம்

என் வீட்டுக்காரர் மூர்த்திக்கு வேலை, மற்றவர்கள் கண் எங்கே போகிறது என்று ஆராய்ச்சி செய்வது. அதற்கு மெட்ராஸிலிருந்து உதவித்தொகை வேறு. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு பஜ்ஜித் தட்டை விட்டுக் கண்ணை எடுக்காத மனுஷனுக்குக் கண் ஆராய்ச்சி! யாரிடம் சொல்லி அழுவது?

எண்பத்திரண்டாம் வருஷம். செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். கூடம் முழுக்க மிஷின். முகவாயை ஒரு கட்டையில் வைத்து, கண்ணோரம் ஒயர் ஒட்டிக்கொண்டு, எதிரே மாட்டிய படத்தைப் பார்க்க வேண்டும். கண் போகிற வழியெல்லாம் பேனா தாளில் கோடு போடும். ஊர்க்காரர்களுக்குப் பழகிய படமாக இருக்கட்டும் என்று இவர் மலையைப் படமெடுத்துப் பெரிதாக்கி மாட்டினார்.

வந்து உட்கார்ந்த அத்தனை பேரும் மலையைப் பார்த்ததும் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒயர் பிய்ந்து தொங்கியது.

"கண்ணைத் தொறந்து பாருங்க," என்று இவர் கெஞ்சினார்.

"மலையைப் பாத்துட்டு கும்புடாம இருக்கச் சொல்றியா சார்? உன் மிஷினுக்காக சாமி குத்தத்த நான் வாங்கிக்கணுமா?" என்று எகிறினார் காய்க்கடை அப்பாசாமி.

சனிக்கிழமை மெட்ராஸ் புரொபசர் வருகிறார். கோடு இல்லையென்றால் உதவித்தொகை நின்றுவிடும். அப்புறம் கீழ்பென்னாத்தூரில் என் அப்பாவின் மல்லாட்டை மண்டியில் இவர் வேர்க்கடலை மூட்டை தைக்க வேண்டியதுதான். நானோ திரும்பவும் அண்ணிகள் நடுவில் போய் ஒண்ட வேண்டும்.

"சாமி இல்லாத படமா வைங்களேன்," என்று சுவரிலிருந்த எங்கள் கல்யாணப் படத்தைக் கழற்றிக் கொடுத்தேன்.

அதற்கப்புறம் ஒருத்தரும் கண்ணை மூடவில்லை. எதிர்வீட்டு எல்லம்மாளின் கண் என் கழுத்து நகையிலேயே மேய்ந்தது. அப்பாசாமியின் கோடு, படத்தின் மூலையில் தெரிந்த பந்தி இலையை விட்டு நகரவில்லை.

சனிக்கிழமை புரொபசர் தாள்களைப் புரட்டித் தலையாட்டினார். "நீயே உக்காருப்பா மூர்த்தி. மிஷின் ஓடறத நான் பாக்கணும்."

இவர் உட்கார்ந்தார். பேனா நேராக, படத்தில் என் முகம் இருக்கும் இடத்துக்கு வந்து நின்றது. நின்றதுதான். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

புரொபசர் மிஷினைத் தட்டினார். "பேனா மாட்டிக்கிச்சு போல. மிஷின் ரிப்பேர்னா இந்தத் தாளெல்லாம் குப்பைதான்."

இவர் கட்டையில் முகவாயை வைத்தபடியே அசடு வழிந்தார். இவரை நம்பினால் மண்டிதான் என்று தெரிந்துபோயிற்று.

சமையலறை வாசலில் போய் நின்று, "என்னங்க, பஜ்ஜி!" என்றேன்.

பேனா ஒரே பாய்ச்சலாகச் சமையலறைப் பக்கம் ஓடியது.

புரொபசர் விழுந்து விழுந்து சிரித்தார். "மிஷின் நல்லாத்தான் இருக்கு. இன்னும் ஒரு வருஷம் நடத்துப்பா," என்றார்.

என் கையில் பஜ்ஜி இல்லை என்று தெரிந்ததும், கோடு தானாகவே திரும்பிப் படத்திலிருந்த என் முகத்துக்கு வந்து நின்றது.