பதினான்காம் எண்ணின் குரல்

நூற்று எண்பத்தெட்டு பக்கம் எழுதினேன். மூன்று வருட உழைப்பு. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்களைப் பற்றிய ஆய்வறிக்கை. அதை முழுதாகப் படித்தவர்கள் இரண்டே பேர்: நானும், பிழை திருத்தியவரும். அவரும் நடுவில் கண் அசந்திருக்கிறார் என்பதற்கு எழுபதாம் பக்கம் சாட்சி.

அதனால், மக்கள் பார்க்கிற மாதிரி அதை ஓர் இணையதளமாக மாற்றலாம் என்று எங்கள் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் மேடம் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. வடிவமைக்க வந்தவனுக்கு நாங்கள் வைத்த பெயர் ஸ்க்ரோல். வாயைத் திறந்தால் அந்த வார்த்தைதான். முப்பது பக்க அட்டவணைகளை, விரலால் தள்ளினால் நகரும் ஒரே படமாக்கினான். என் அடிக்குறிப்புகளை ஈவிரக்கமில்லாமல் தூக்கினான். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். திங்கட்கிழமை வெளியீடு. அதற்கு முந்தைய வியாழக்கிழமை மேடத்துக்கும் எனக்கும் முகப்பைப் போட்டுக் காட்டினான். கறுப்புத் திரை, எழுத்தே இல்லை, ஒரு பெண் குரல் மட்டும்.

"காலைல அவங்க ரூம் கதவத் திறக்கும்போது, மூச்சு நின்னிருந்தா நல்லா இருக்குமேன்னு சில நாள் தோணும். அப்புறம் டீ போட்டு எடுத்துட்டுப் போவேன்."

"பதினாலாம் நம்பர்," என்றான் ஸ்க்ரோல். "இருபது பேர்ல இவங்கதான் டாப். இதக் கேட்டுட்டு யாரும் மூடிட்டுப் போக மாட்டாங்க."

பதினான்காம் எண் என் அக்கா.

உறவினர்களைப் பேட்டி எடுக்கக் கூடாது என்று அந்த அறிக்கையின் இரண்டாம் அத்தியாயத்தில் எழுதிய புண்ணியவதியும் நான்தான். இருபது பேரில் ஒருத்தி கடைசி நேரத்தில் கையை விரித்துவிட, அக்கா வீட்டுக்கு ஓடினேன். பேட்டி முடிந்து ஒப்புதல் படிவத்தை நீட்டியபோது அவள் மாமியாரைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். "கை ஈரம். நீயே போட்டுக்கடி" என்றாள். அவள் பெயரில் நானே கையெழுத்துப் போட்டேன். எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்தேன், 'குரலைப் பொதுவில் பயன்படுத்தலாம்' என்ற கட்டத்திலும். யார் கேட்கப்போகிறார்கள் என்ற நினைப்பு.

இப்போது மாமா கேட்பார். தன் அம்மாவைப் பற்றித் தன் மனைவி சொன்னதை. மாமா தங்கமான மனிதர், ஆனால் அம்மா என்று வந்துவிட்டால் ஆளே வேறு.

"குரல மாத்திடலாமே மேடம்," என்று மெல்ல ஆரம்பித்தேன்.

"மாத்தினா அதுல உயிரே இருக்காது. அந்தம்மா வேணாம்னு சொல்றாங்களா? அப்ப விலகல் படிவத்துல கையெழுத்து வாங்கி அனுப்பு. நாளைக்கு மூணு மணி வரைக்கும் டைம். அதுக்கப்புறம் பக்கத்தப் பூட்டிடுவோம்."

உண்மையைச் சொன்னால் என் அறிக்கை குப்பைக்குப் போகும். சொல்லாவிட்டால் அக்கா வீட்டில் பூகம்பம். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது. அன்று மாலை வரை கணினியைப் பார்த்தபடி பயத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். மாமா வேலைக்குப் போயிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். சமையலறையில் நின்றபடியே ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

"நானா இப்படிப் பேசினேன்?"

"நீதான்க்கா. இதுல கையெழுத்துப் போடு, எடுத்துடறேன்."

"இருடி. யோசிக்கணும். இந்த வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு யோசிக்க வராது." கையைத் துடைத்துக்கொண்டாள். "நீ அவங்களப் பாத்துக்க. ஒரு மணி நேரத்துல வந்துடறேன்."

போனை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

ஒரு மணி நேரம் இரண்டானது. இரண்டு மணி நேரம் மூன்றைத் தாண்டியது. அத்தை, அதாவது அக்காவின் மாமியார், கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். தண்ணீர். தலையணை. ஜன்னலைத் திற. ஜன்னலைச் சாத்து. மறுபடி தண்ணீர். அவரைப் புரட்டிப் படுக்கவைப்பதற்குள் என் இடுப்பு கழன்றுவிட்டது. இந்த வேலைக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் போகிறது என்று பத்து அட்டவணை போட்ட நான், வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரைத் தனியாக விட்டுவிட்டு அக்காவைத் தேடிப் போகவும் வழியில்லை.

இரண்டே முக்காலுக்கு மேடம் அழைத்தார். "படிவம் எங்க?"

"அஞ்சு நிமிஷம் மேடம்."

படிவம் மேசைமேல் கிடந்தது. பழைய படிவத்தில் அக்காவின் கையெழுத்தாக இருப்பது என்னுடையது. இதில் அவள் போட்டால்தான் பொருந்தாது, நான் போட்டால் அச்சு அசலாகப் பொருந்தும். அவளுக்கு நல்லதுதானே செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். என் அறிக்கை தப்பிக்கும் என்பதும் மனதில் ஓடியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கையெழுத்தைப் போட்டுப் படமெடுத்து அனுப்பினேன். மூன்று மணிக்கு ஸ்க்ரோலிடமிருந்து செய்தி வந்தது: "14 தூக்கியாச்சு. 6 போட்டிருக்கேன். பக்கம் பூட்டியாச்சு."

அக்கா நான்கு மணிக்கு வந்தாள். ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தாளாம். பாதி வழி தூங்கிவிட்டாளாம். படிவத்தை அதற்குள் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். அதை அவள் கேட்கவே இல்லை.

"இருக்கட்டும்டி," என்றாள். "எடுக்க வேணாம். ஏழு வருஷமா அவர்கிட்ட சொல்லணும்னு நினைக்கறேன், வாய் வரல. அதுவாவது சொல்லட்டும்."

"மாமா கோவப்படுவாருக்கா."

"படட்டும். கேட்டுட்டுப் படட்டும்." அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "திங்கக்கிழமை எத்தன மணிக்கு வருது? லீவு போடச் சொல்லி அவரப் பக்கத்துல உக்கார வச்சுக்கறேன்."

உள்ளேயிருந்து அத்தை கூப்பிட்டார். அக்கா போகவில்லை, என் பதிலுக்காக நின்றாள்.

"பத்து மணிக்கு," என்றேன்.