ஏழு வயசுப் பையனுக்கு எதுக்கு வண்டி?

பஸ்ஸின் டிக்கியிலிருந்து ஜெரோம் அந்த ஸ்ட்ரோலரை, குழந்தையை உட்காரவைத்துத் தள்ளுகிற வண்டியை, இறக்கி விரித்து வைத்ததும், சண்டே ஸ்கூல் பிள்ளைகள் மொத்தமாகச் சுற்றி நின்றுகொண்டார்கள். சூலூர் சர்ச்சிலிருந்து கோடை விடுமுறைக்கு மேட்டுப்பாளையம் பக்கம் தீம் பார்க்குக்கு வந்திருந்த கூட்டம் அது. ஜெரோம்தான் சண்டே ஸ்கூல் வாத்தியார். சின்ன வயசு, வாய் சும்மா இருக்காது.

"ஏனுங்க்கா, யாருக்குங்க இது? நமக்கெல்லாம் சொல்லாம ஊட்டுல பாப்பா கீப்பா பொறந்துருச்சுங்களா?"

"பாப்பாவெல்லாம் ஒண்ணுமில்ல, எல்லாம் இவனுக்குத்தான்" என்று ஜெபராணி தன் மகன் ஸ்டீவின் தலையில் கை வைத்தாள். "போன வருசம் டூர் வந்தப்ப மத்தியானத்துக்கு மேல காலு நோவுதுன்னு படுத்துட்டான். பொழுது சாயற வரைக்கும் தூக்கிச் சொமந்தேன். ஒரு வாரம் இடுப்பு நிமிரலீங்க. அதான் ஆஷ்லி சொல்லுச்சு, பக்கத்து ஊட்டு ரங்கம்மாக்கா மக துபாயிலருந்து கொண்டாந்த வண்டி சும்மாத்தான நிக்குதுன்னு."

"ஏழு வயசுப் பையனுக்கு எதுக்குங்க வண்டி? இன்னும் ரெண்டு வருசத்துல அவனே பைக்கு கேப்பான்."

ஸ்டீவோடு படிக்கும் டீனா முன்னால் வந்து இடுப்பில் கை வைத்தாள். "டேய் ஸ்டீவு, பால்புட்டி எடுத்துட்டு வந்தியா, மறந்துட்டியா?"

ஸ்டீவின் முகம் சிவந்துவிட்டது. "நான் உக்காரவே மாட்டேன் போ!"

அவன் அக்கா ஆஷ்லி குனிந்து அவன் காதோடு சொன்னாள். "உக்காருடா சாமி. என்ற ஐஸ்கிரீமையும் நீயே தின்னுக்க."

"நெசமா?"

"நெசமா. ஆனா சாயங்காலம் வரைக்கும் எறங்கக் கூடாது. நான் சொன்னாத்தான் எறங்கணும்."

அவன் ஏறி உட்கார்ந்தான். முழங்கால் இரண்டும் மோவாயை இடித்தன. தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

ஆஷ்லி இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றித் தன் பாரத்தை மெல்ல அதன்மேல் இறக்கினாள். வண்டி தாங்கியது. வீட்டில் யாரும் இல்லாத நேரம் வெறும் வண்டியைப் பிடித்து நடந்து பார்த்திருந்தாள். அழுத்தியதும் முன்சக்கரம் தூக்கிக்கொண்டு பின்னால் சாய்ந்துவிட்டது. உள்ளே ஒரு ஆள் கனமாக உட்கார்ந்திருந்தால்தான் அது நிற்கும். அதற்குத்தான் ஸ்டீவ் வேண்டும். மற்றபடி அந்த வண்டி ஸ்டீவுக்கு வந்ததே இல்லை. பதினாலு வயசு ஆஷ்லிக்கு வந்தது.

இது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

கிறிஸ்துமஸ் முடிந்து பள்ளிக்கூடம் திறந்த பிறகுதான் அவள் அதைக் கண்டுகொண்டாள். மாடி வகுப்புக்குப் படியேறும்போது, கை தானாகப் போய்த் தொடைமேல் ஊன்றியது. எடுத்துப் பார்த்தாள், கால் மேலே போகவில்லை. ஊன்றினாள், போனது. அன்றிலிருந்து ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி படிக்கட்டின் கீழேயே குனிந்து நின்று, எல்லாரும் போன பிறகு கடைசியாக ஏறுவாள். லேட்டாக வருகிறாள் என்று டீச்சர் திட்டினார். திட்டட்டும் என்று விட்டுவிட்டாள்.

தொடையில் கை ஊன்றுவது என்றால் என்னவென்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அப்பாவின் தங்கை அன்புச்செல்வி அத்தைக்கு அப்படித்தான் தொடங்கியது. முதலில் கை, பிறகு சுவர், பிறகு நாற்காலி, கடைசியில் கட்டில். அத்தையைக் கல்யாணம் செய்துகொண்டு போனவர் பெருந்துறை பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனதாகக் கேள்வி. அப்பா போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். அப்பாவுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை, பொழுது விடிந்தால் போய்விடுவார். தூக்குவது, குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் அம்மாதான். அத்தையை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அம்மா அழுதது ஆஷ்லிக்குக் கேட்டது. "போதும் ஆண்டவரே. அந்தச் சீக்கு அவளோட போகட்டும். என்ற புள்ளைக ரெண்டையும் விட்டுருங்க."

அப்படி மன்றாடிய அம்மாவிடம் போய் எப்படிச் சொல்வது? எந்த வார்த்தையில் தொடங்குவது? ராத்திரி படுத்துக்கொண்டு ஒத்திகை பார்ப்பாள். 'அம்மா' என்ற சொல்லுக்குப் பிறகு வேறொன்றும் வராது.

பார்க்கில் அந்த வண்டி அவளுக்கு நல்ல தோழியாக இருந்தது. எங்கே படிக்கட்டு வந்தாலும், "வண்டி ஏறாது, நான் சுத்திட்டு வாரேன்" என்று சொல்லிச் சாய்தளப் பாதையில் போனாள். தோழிகள் ராட்டினத்துக்குக் கூப்பிட்டால், "தம்பியப் பாத்துக்கணும், நீங்க போங்கடி" என்றாள். முதலில் இரண்டு தடவை வற்புறுத்தினார்கள். மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. ஈரத் தலையோடு அவர்கள் கைகோத்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டு வண்டியைத் தள்ளினாள். தரையில் கிடந்த தண்ணீரைப் பார்த்துப் பார்த்து, வழுக்காத இடமாக மிதித்தாள். கூட ஓடுகிறவர்கள் யாரும் தரையைப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

மத்தியானம் புளிசாதப் பொட்டலம் வாங்க ஜெபராணி பஸ் பக்கம் போயிருந்தாள். ஆஷ்லி புங்கமரத்தடியில் வண்டியை நிறுத்தி, கைப்பிடியில் சாய்ந்து நின்றாள். உள்ளே ஸ்டீவ் வாயைத் திறந்துகொண்டு அரைத்தூக்கத்தில் இருந்தான். கால்கள் இரண்டும் வண்டிக்கு வெளியே துவண்டு தொங்கின.

அந்தக் கால்களைத்தான் ஞானாபரணம் அம்மா பார்த்தாள். சர்ச்சில் பெண்கள் ஐக்கியத்தின் தலைவி. அவள் ஜெபம் பண்ணினால் மைக் இல்லாமலே அடுத்த தெருவுக்குக் கேட்கும். அன்புச்செல்வி அத்தை படுத்திருந்த காலம் முழுக்க வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபித்தவள். கூட வந்த பெண்களிடம் தணிந்த குரலில் என்னமோ சொன்னாள். அவர்களும் பார்த்தார்கள். எல்லார் முகமும் மாறிவிட்டது.

"கண்ணு ஸ்டீவு" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எறங்கி ஒரு எட்டு நடந்து காட்டு சாமி."

ஸ்டீவ் கண்ணைக் கசக்கினான். ஐஸ்கிரீம் ஞாபகம் வந்தது. "எறங்கக் கூடாதுங்க."

"ஏனாம்?"

"அக்கா சொல்லியிருக்குது."

எல்லாரும் ஆஷ்லியை நிமிர்ந்து பார்த்தார்கள். 'அவனுக்கு ஒண்ணுமில்லீங்க, சோம்பேறி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சிரித்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள். ஆனால் அவன் இறங்கிவிட்டால் வண்டி நிற்காது. அவள் கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. அதைப் பார்த்ததும் அவர்களுக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

"அய்யோ ஆண்டவரே!" என்று ஞானாபரணம் அம்மா மார்பில் கை வைத்தாள். "ஜெபா ஒரு வார்த்த சொல்லலயே. இந்த வாட்டி கொழந்தைக்கேயா?"

அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு பெண்கள் வண்டியைச் சுற்றி மண்டியிட்டார்கள். ஸ்டீவின் முழங்காலில், கெண்டைக்காலில், பாதத்தில் என்று இடம் கிடைத்த பக்கமெல்லாம் கை வைத்தார்கள். அவனுக்குக் கூச்சம், நெளிந்தான்.

"அப்பா, இந்தக் காலத் தொடுங்கப்பா! ஒவ்வொரு நரம்பையும் தொடுங்கப்பா! எழும்பி நடக்கற பெலனக் குடுங்கப்பா!"

ஆஷ்லியும் கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை பேர் இத்தனை உருக்கமாகக் கேட்கிறார்கள். கேட்பதெல்லாம் அவளுக்கு வேண்டியதுதான். ஆனால் விலாசம் மாறிப் போகிறது, கை எட்டுகிற தூரத்தில். யாருக்கும் தெரியாமல் ஒரு எட்டு முன்னால் நகர்ந்து, தன் இரண்டு முழங்காலையும் வண்டியின் பின்பக்கத் துணியில் அழுத்தி வைத்துக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. 'இங்கீங்க. இந்தக் காலுங்க.'

"என்ன, என்னாச்சு?"

அம்மாவின் குரல். புளிசாதப் பொட்டலங்கள் மண்ணில் விழுந்தன.

ஞானாபரணம் அம்மா எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டாள். "ஏன் ஜெபா, எங்ககிட்டச் சொல்லக் கூடாதா? அன்பு போன வழியிலயே பையனும்... எப்படித்தான் ஒத்தையாத் தாங்குனயோ!"

ஜெபராணியின் முகத்தில் ரத்தமே இல்லை. அவளை உதறிவிட்டு வந்து, ஸ்டீவை அக்குளில் கை கொடுத்து வண்டியிலிருந்து பிடுங்கி எடுத்தாள். "நட! நடடா! ஓடு!"

அவன் மிரண்டுபோய் அக்காவைப் பார்த்தான், பிறகு ஓடினான். புங்கமரத்தைச் சுற்றி ஒரு ஓட்டம், சிமெண்ட் பெஞ்சுமேல் ஏறி ஒரு குதி.

"ஸ்தோத்திரம்!" என்று ஒரு அம்மாள் அலறினாள். "ஸ்தோத்திரம்! பையன் ஓடறான் பாருங்க!"

சத்தம் கேட்டு வந்த ஜெரோம் ஒன்றும் புரியாமல் நின்றான். "அட, ஓடாம என்னங்க பண்ணுவான்? காத்தால பஸ்ல சீட்டு சீட்டாத் தாண்டிட்டு வந்தவன்தானுங்க. ரெண்டு வாட்டி உக்கார வெச்சேன்."

சிரிப்பு கிளம்பியது. ஞானாபரணம் அம்மாவே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். ஜெபராணி மட்டும் மண்ணில் அப்படியே உட்கார்ந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை.

"உசுரே போயிருச்சுங்க. இன்னொருக்கா அதப் பாக்க என்னால ஆகாது. நான் செத்துருவேன், சத்தியமா."

ஆஷ்லி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"எல்லாம் உன்ற ரோசனையாலதான்" என்று அம்மா அவள் பக்கம் திரும்பினாள். "இந்தக் கெரகத்தக் கொண்டுட்டு வந்து... ஜெரோமு, மடக்கி பஸ்ல போட்ருப்பா. இனி அது என்ற கண்ணுலயே படக் கூடாது."

ஜெரோம் வண்டியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனான். ஆஷ்லியின் கைகள் பிடிக்க ஒன்றும் இல்லாமல் தொங்கின.

சாப்பிட்டு முடித்து எல்லாரும் அலைக்குளத்துக்குக் கிளம்பினார்கள். "எனக்கு வயித்து வலிம்மா, இங்கயே இருக்கறேன்" என்றாள். அம்மா அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "அந்த நாளா? செரி, படுத்துக்க. கோவத்துல ரொம்பப் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காத கண்ணு" என்று துப்பட்டாவைப் புல்லில் விரித்துவிட்டுப் போனாள்.

புல்லில் உட்கார்ந்த பிறகுதான் ஆஷ்லிக்கு உறைத்தது. பெஞ்சு என்றால் கையை ஊன்றி எழலாம். தரையிலிருந்து எழுவதென்றால் அது வேறு.

அலை வருமுன் குளத்தில் சைரன் அடிக்கும். உடனே நூறு குரல் சேர்ந்து கத்தும். அந்தக் கத்தலில் தன் வகுப்புப் பெண்களின் குரல் எது என்று தேடிக்கொண்டிருந்தாள். மலைமேல் மேகம் இறங்கி வந்தது. ஸ்டீவ் ஒருதரம் கையில் இரண்டு ஐஸ்கிரீமோடு வந்து, மாற்றி மாற்றி நக்கிக்கொண்டே, "உனக்கு ஒண்ணு வேணுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றதும், மனசு மாறுவதற்குள் போய்விட வேண்டும் என்று ஓடிவிட்டான். பிறகு யாரும் வரவில்லை. எறும்புகள் அவள் காலைச் சுற்றிக்கொண்டு போயின.

வெயில் தாழ்ந்ததும் பஸ் ஹார்ன் கேட்டது. பைகளைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் வாசலுக்கு நடந்தார்கள். அம்மா ஈரத்துணிக் கூடையோடு மரத்தடிக்கு வந்தாள்.

"எந்திரி சாமி, கெளம்பலாம்."

"நீ போம்மா. செருப்பு மாட்டிட்டு வாரேன்."

"வெசயா வா. ஜெரோமு கத்தறான்."

அம்மா திரும்பி நடந்தாள். ஒரு பக்கம் இடுப்பு சாய்ந்த நடை. அத்தையைத் தூக்கித் தூக்கி வந்த சாய்வு. இன்னும் கொஞ்ச தூரம் போய்விட்டால் வளைவில் மறைந்துவிடுவாள். மறைந்ததும் எப்படியாவது உருண்டு புரண்டு எழுந்துகொள்ளலாம், யாரும் பார்க்க மாட்டார்கள். நாளைக்கும் அப்படியே. பள்ளிக்கூடம் திறந்தால் ஷூ லேஸ். அதற்கப்புறம் சுவர். ஒத்தையாக எத்தனை நாள்?

"அம்மா!"

ஜெபராணி திரும்பினாள்.

வார்த்தை வரவில்லை. வழக்கம்போல அந்த ஒரு சொல்லோடு நின்றுவிட்டது. ஆஷ்லி திரும்பிக் குப்புற மண்டியிட்டாள். இரண்டு கையையும் புல்லில் ஊன்றினாள். இடுப்பை மேலே தூக்கினாள். ஒரு கையை எடுத்து முழங்காலில் வைத்தாள், இன்னொரு கையையும் வைத்தாள். பிறகு தன் காலையே ஏணியாக்கி, கைமேல் கை மாற்றித் தொடையில் ஏறி, ஏறி, நிமிர்ந்து நின்றாள். முகமெல்லாம் வேர்த்துவிட்டது. அம்மாவைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்தாள்.

அந்த வீட்டில் வருசக்கணக்கில் தினமும் பார்த்த காட்சி. ஜெபராணிக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கூடையைக் கீழே வைத்தாள். அழுவாள், கத்துவாள், விழுந்துவிடுவாள் என்று ஆஷ்லி காத்திருந்தாள். அம்மா நடந்து வந்து எதிரே நின்றாள்.

"எப்ப இருந்து?"

"கிறிஸ்துமஸ் கழிஞ்சு."

"ஊட்டுல யாருகிட்டயும் சொல்லல."

"அத்த போன அன்னைக்கு நீ அழுதது கேட்டுச்சும்மா. இன்னைக்கும் செத்துருவேன்னு சொன்னியே."

ஜெபராணி மகளின் கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். "அது வாயில வர்றது. அதப் போயி..." ஆஷ்லியின் கையை எடுத்துத் தன் தோளில் போட்டு, இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். எந்த இடத்தில் பிடித்தால் பாரம் இறங்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அது தெரிந்திருப்பதுதான் ஆஷ்லிக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாம். உன்ற அத்தைக்கு ரொம்ப லேட்டாத்தான் காமிச்சோம்."

"காமிச்சாச் செரியாயிருமா?"

"தெரியலியே கண்ணு."

ஹார்ன் மறுபடி விட்டு விட்டு அடித்தது. வாசலிலிருந்து ஜெரோம் இரண்டு கையையும் வாய்க்குக் கூட்டிக் கத்தினான். "ஏனுங்க்கா! பஸ்ஸு கெளம்புதுங்க! ஓடியாங்க!"

"நிக்கச் சொல்லப்பா!" என்று ஜெபராணி திருப்பிக் கத்தினாள். அவ்வளவு உரக்க அவள் பேசி ஆஷ்லி கேட்டதே இல்லை. "நாங்க மெதுவாத்தான் வருவோம்!"