மஞ்சள் புள்ளித் தட்டுகள்

"ஊருக்கு வயிறு எங்கேம்மா இருக்கு?"

ஐந்து வயதில் இப்படிக் கேட்டவள்தான் இப்போது அதே அம்மாவின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு, கரண்டி கரண்டியாகத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே நிழல்வலை காற்றில் உப்பி அடங்கியது. அதன் கீழே வரிசை வரிசையாக நாற்றுத் தட்டுகள். தக்காளி, கத்தரி, மிளகாய். அதற்கும் அப்பால் வாய்க்கால்.

அன்று யாரோ தெருவில் "ஊர் வயித்துல அடிச்சிட்டானுங்க" என்று கத்திக்கொண்டு போனார்கள். அதைக் கேட்டுத்தான் குழந்தைக்கு அந்தச் சந்தேகம். அம்மா கை மண்ணைத் தட்டிவிட்டுச் சிரித்தாள். "உன் வயிறு எங்க இருக்கோ அங்கதான். போ, போய்ச் சாப்பிடு."

பதில் போதவில்லை போலிருக்கிறது. வீட்டில் சின்னவள் என்று அழைக்கப்பட்ட அவள் வளர்ந்து, படித்து, அந்தக் கேள்வியையே உத்தியோகமாக்கிக்கொண்டாள். நிலத் திட்ட அலுவலகத்தில் வேலை. ஓர் ஊரின் நிலத்தில் அடுத்த கால் நூற்றாண்டுக்கு எங்கே வீடு, எங்கே சாலை, எங்கே பயிர் என்று கோடு போடுவார்கள். அதற்கு முன்னால் அந்த ஊர் எதனால் பிழைக்கிறது என்று விசாரித்துச் சொல்ல வேண்டும். அதுதான் அவள் பிரிவின் வேலை.

"முடிதிருத்துறவர் மளிகைக்காரருக்கு முடி வெட்டுறாரு. மளிகைக்காரர் அவருக்கு அரிசி விக்கிறாரு. அது ஒரே தொட்டித் தண்ணி, உள்ளேயே சுத்துது. வெளியிலிருந்து தொட்டிக்குத் தண்ணி எந்தக் குழாயில வருதுன்னு முதல்ல கண்டுபிடிக்கணும். இல்லேன்னா குழாய் மேலேயே கட்டடம் கட்டிடுவோம்." புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவள் இப்படித்தான் சொல்லிக்கொடுப்பாள்.

சொந்த ஊர் விஷயத்தில் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

சொந்த ஊர்க் கணக்கெடுப்பில் ஊழியர் கை வைக்கக் கூடாது என்பது அலுவலக விதி. அதனால் அலுவலகத்திலிருந்து வேறு பிள்ளைகள் வந்தார்கள், வீடு வீடாகக் கேட்டார்கள். "என்ன வேலை செய்றீங்க?" ஆண்கள் எல்லோரும் மார்பை நிமிர்த்தி "விவசாயம்" என்றார்கள். பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் "சும்மாத்தான் இருக்கோம்" என்றார்கள். முழங்கை வரை தேங்காய் நார்த்தூள் அப்பிய கையோடு, நாற்றுக்குத் தண்ணீர் தெளித்த பூவாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சின்னவளின் அம்மாவும் அதையேதான் சொன்னாள். கேட்டவன் நல்ல பையன். சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டு போனான்.

ஆகவே ஆய்வின் முடிவு இது: ஊர் மேட்டு வயல்களால் பிழைக்கிறது. வீடுகளுக்குப் பின்னே வாய்க்கால் ஓரமாக ஓடும் நீளத் துண்டு வெற்று நிலம். வரைபடத்தில் அதற்குச் சாம்பல் நிறம். சாம்பல் என்றால் சரக்குக் கிடங்கு.

வயலில் விளைவது ஊர் வாய்க்கே சரியாய்ப் போகும் என்பதும், ஊருக்குள் காசு வருவது அந்த நாற்றுத் தட்டுகளால்தான் என்பதும் சின்னவளுக்குத் தெரியும். தலைமை அதிகாரியிடம் சொன்னாள். அலுவலகத்தில் அவருக்கு 'அடிக்கோல்' என்று பெயர். நேராக இருப்பார், வளைய மாட்டார்.

"உங்க ஊரு, உங்க அம்மா. நீங்க சொல்லி நான் மாத்தினா நாளைக்கு இன்னொருத்தர் தன் மாமனாருக்காகச் சொல்லுவாரு. வாய்க்கால் ஓரத்தை விட்டுடுங்கன்னு ஊர்க்காரங்க மனு கொடுத்திருக்காங்க, சரி. ஆனா அந்த மனுவும் அவங்க கொடுத்த பதிலும் ஒண்ணோட ஒண்ணு முட்டுதேம்மா. என் கண்ணுக்கு ஏதாவது காட்டுங்க."

அதற்குள் அம்மா படுத்துவிட்டாள். நாளை மறுநாள் வரைபடம் தலைமையகத்துக்குப் போகிறது.

"என்னடி, தண்ணிய என் கழுத்துக்கு ஊத்துறே? நான் என்ன நாத்தா?" அம்மா கண்ணைத் திறந்தாள்.

"நாத்தா இருந்தா இவ்வளவு நேரம் வாயாட மாட்டே."

அம்மா சிரிக்கப் பார்த்தாள்; இருமல் வந்தது. அடங்கியதும், "வாய்க்கால் ஓரம் போயிடுமாமே?" என்றாள்.

"யார் சொன்னா? உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுல்ல வச்சிருந்தோம்?"

"ரேடியோதான்."

பக்கத்து வீட்டுச் சித்திக்குத்தான் அந்தப் பட்டம். ஊரில் எது நடந்தாலும் அடுத்த நிமிஷம் அவள் வாயில் ஒலிபரப்பு.

"ஏம்மா சும்மா இருக்கேன்னு சொன்னே?" சின்னவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"வேற என்னடி சொல்றது? வேலைன்னா வேலைக்குப் போகணும். நான் எங்க போறேன்? பின்வாசலுக்குத்தானே போறேன்." மூச்சு வாங்கியது. "கடவுள் பாத்துப்பார். ஆனா நீயும் பாத்துக்கோ. அவருக்கு ஊரு ஊரா வேலை இருக்கு."

வாசலில் அண்ணனின் செருப்புச் சத்தம் கேட்டது. மருந்து வாங்கப் போயிருந்தான். அம்மா மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். பேச்சு ரகசியமாகிவிட்டது.

"கிணத்தடியில தனியா வச்சிருக்கேன் பாரு, அந்தத் தட்டெல்லாம் மேட்டு வீட்டுப் பையனுக்கு. அவன் கேக்கல. நான்தான் வளத்தேன். போன தடவை அவனுக்குப் போன நாத்து பூரா வேர் அழுகிப் போச்சு. நார்த்தூளைச் சரியா காயவைக்காம போட்டுட்டேன், தப்பு என்னுது. அவன் ஒருத்தர்கிட்டயும் வாயைத் திறக்கல. என்கிட்ட வந்து, 'நான்தான் தண்ணி அதிகமா விட்டுட்டேன் பெரியம்மா'ன்னு சொல்லிட்டுப் போனான். அவன் மட்டும் சந்தையில ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்கிட்ட யாருடி நாத்து வாங்குவா? கொடுத்துடு. ஆரவாரம் பண்ணாம கொடு. நாத்து காத்துக்கிட்டு இருக்காது."

"சரிம்மா."

"உங்கண்ணன்கிட்ட சொல்லாதே. அவன் நல்லவன்தான், வாய் நிக்காது."

சின்னவள் தலையசைத்தாள். இன்னொரு கரண்டி தண்ணீர் எடுத்து ஊட்டினாள். உதட்டோரம் வழிந்தது. துடைத்தாள். மறுபடி ஒரு கரண்டி எடுத்தாள். அதுவும் வழிந்தது. எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை, அண்ணி கரண்டியை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கிக் கீழே வைத்தாள்.

*

மறுநாள் காலை அடக்கம்.

நாற்று ஏற்றிப் போகும் வேன்காரர் போகிற வழியெல்லாம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். விடிந்ததிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சைக்கிளில் வந்தார்கள், டிராக்டரில் வந்தார்கள், வாடகை வேனில் நெருக்கியடித்து வந்தார்கள். பல முகங்களைச் சின்னவளுக்குத் தெரியாது. எல்லோர் கையிலும் பூ இருந்தது. அதைவிட முக்கியமாக, எல்லோர் கையிலும் காலித் தட்டு இருந்தது.

அந்த ஊரில் நாற்றைத்தான் விற்பார்கள், தட்டை விற்பதில்லை. நட்டு முடித்ததும் தட்டு திரும்பி வர வேண்டும். எந்த வீட்டுத் தட்டு என்று தெரிய விளிம்பில் ஒரு புள்ளி. அம்மாவுடையது மஞ்சள், ரேடியோ சித்தியுடையது சிவப்பு. புள்ளி இல்லாத தட்டு என்றால் கொடுத்தவர் இனாமாகவே கொடுத்துவிட்டார், திரும்பக் கேட்க மாட்டார் என்று பொருள். அப்படி ஒரு தட்டு ஊரில் அபூர்வம். திருப்பிக் கொடுப்பதில் பலருக்கும் சோம்பல்தான். ஆனால் கொடுத்த மகராசி கண்ணை மூடிய பிறகு அவள் தட்டை வீட்டில் வைத்திருக்க யாருக்கும் மனம் வரவில்லை. மஞ்சளை மட்டும் தேடி எடுக்கப் பொறுமையில்லாதவர்கள் வீட்டிலிருந்த எல்லா நிறத்தையும் அள்ளிக்கொண்டு வந்தார்கள்.

சுவரோரமாக அடுக்கத் தொடங்கிய தட்டு, ஜன்னலை மறைத்து, மூலை திரும்பி, அடுத்த வீட்டு வாசலுக்கும் போய்விட்டது.

"மாமியார் போகும்போதும் எனக்கு வேலை வச்சிட்டுத்தான் போறாங்க," என்று அண்ணி அழுதுகொண்டே அடுக்கினாள்.

அடிக்கோல் வந்தபோது தெருவுக்குள் ஜீப் நுழைய இடமில்லை. தெருமுனையில் இறங்கி நடந்து வந்தார். அம்மாவின் தலைமாட்டில் பூவை வைத்துக் கைகூப்பி நின்றார். பிறகு சின்னவளிடம் என்ன சொல்வதென்று தெரியாமல், "தைரியமா இருங்க," என்றார். விலகிப் போய்ச் சுவரோரம் நின்றார். பக்கத்தில் அழுக்குத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு பெரியவர்.

"நீங்க என்ன உறவுங்க?"

"உறவெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. மலைக்கு அந்தப் பக்கம் நமக்கு ஊரு. வருஷம் பூரா அந்தம்மா நாத்துதான்."

"அவ்வளவு தூரத்திலிருந்தா?"

"தூரம் பாத்தா விளையுங்களா?"

அடிக்கோல் அடுத்தவரைக் கேட்டார். அவர் ஆற்றங்கரைக்காரர். அதற்கடுத்தவர் பஸ் மாறி வந்தவர். சாவு வீட்டில் கேள்வி கேட்பது முறையில்லை என்று அவருக்கும் தெரியும்; ஆனால் கால் நிற்கவில்லை. தட்டுகளை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டார். குனிந்து விளிம்பைப் பார்த்தார்.

"மஞ்சள்தானே அந்தம்மாவோடது? இந்தச் சிவப்பு யாரோடது?"

"என்னுது," என்றாள் ரேடியோ சித்தி, மூக்கைச் சிந்தியபடி.

"நீலம்?"

"எதிர் வீடு. பச்சை கோடி வீடு. வெள்ளை அதுக்கும் அந்தாண்ட."

"எல்லா வீட்டுலயுமா?"

"ஆமா."

"அப்போ எங்க ஆளு வந்து கேட்டப்போ..."

"என்ன வேலைன்னு கேட்டாரு. நாங்கல்லாம் சும்மாத்தானேங்க இருக்கோம்."

சொல்லிவிட்டு அவளே ஒரு நிமிஷம் நின்றாள். தெரு முழுக்க நிற்கிற வண்டிகளைப் பார்த்தாள். சுவர் முழுக்க ஏறி நிற்கிற தட்டுகளைப் பார்த்தாள். "அடியாத்தி," என்றாள் மெதுவாக, தனக்குத்தானே.

அடிக்கோல் நிமிர்ந்து கைபேசியை எடுத்தார். தெருவோரம் ஒதுங்கிப் பேசியது சின்னவள் காதிலும் விழுந்தது. "நாளைக்கு அனுப்ப வேண்டாம். ஆமா, நான்தான் சொல்றேன். நம்ம கேள்வியே தப்பு. என்ன வேலைன்னு கேக்காதீங்க. இந்த வீட்டுலேர்ந்து என்ன வெளியே போகுதுன்னு கேளுங்க." பிறகு அவளிடம் வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கண்ணுக்குக் காட்டுங்கன்னு சொன்னேன். உங்கம்மாவே காட்டிட்டாங்க."

சின்னவள் திரும்பினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். காரியம் முடித்துவிட்டு ஓய்வாகப் படுத்திருக்கிற மாதிரி இருந்தது. தூக்கிக்கொண்டு புறப்பட்டபோது தெருவின் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். ஒரு கல்யாண ஊர்வலத்துக்குக்கூட அந்தத் தெரு அப்படி நிறைந்ததில்லை.

பிறகு நடந்தது ஊரறிந்த கதை. பிள்ளைகள் மறுபடி வீடு வீடாக வந்தார்கள். அறுப்புக்கு முன்னால் ஊர்க் கூடத்தில் புதிய வரைபடத்தைச் சுவரில் மாட்டினார்கள். கிடங்கு ரயில் பாதைக்கு அப்பாலிருந்த கட்டாந்தரைக்குப் போய்விட்டது. வாய்க்கால் ஓரம் நீளமாக ஒரே பச்சை. அதன் மேல் 'நாற்று நிலம்: இவ்வூரின் ஆதாரத் தொழில்' என்று எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்த பெண்கள் சிலர் திரும்பவும் முதலிலிருந்து படித்தார்கள். "வந்திருக்கிறவங்க பேரும் தொழிலும் சொல்லுங்க," என்று குறிப்பெழுதுகிறவர் கேட்டபோது ரேடியோ சித்தி எழுந்து, கூடம் அதிர, "நாத்து வளக்கிறேன்!" என்றாள். அடுத்து ஒருத்தி எழுந்தாள். அவள் உட்காருவதற்குள் இன்னொருத்தி. ஆண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு கை தட்டினார்கள். அடிக்கோலும் தட்டினார். நல்லவர் மனத்தைக் கடவுள் திருப்ப நினைத்தால் அதற்குக் காலித் தட்டு போதும்.

யாரும் அறியாத ஒன்று, அடக்கம் முடிந்த மறுநாள் விடியலில் நடந்தது.

வீடு இன்னும் எழுந்திருக்கவில்லை. சின்னவள் கிணற்றடிக்குப் போனாள். தனியே வைத்திருந்த தட்டுகளில் மிளகாய் நாற்று விரல் நுழைய இடைவெளியில்லாமல் நின்றது. சாவு வீட்டில் தண்ணீர் தெளிக்க ஆளில்லாமல் ஒரு நாள் காய்ந்திருந்தும் ஒரு இலை துவளவில்லை. தட்டுகளைச் சைக்கிள் கேரியரில் பலகை வைத்து அடுக்கிக் கட்டினாள். மேட்டுப் பாதை முழுக்கத் தள்ளிக்கொண்டே நடந்தாள்.

மேட்டு வீட்டுக்காரன் நேற்று அடக்கத்துக்கு வந்திருந்தான். மஞ்சள் புள்ளித் தட்டுகளைச் சத்தமில்லாமல் அடுக்கில் சேர்த்துவிட்டு, கூட்டத்துக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். இந்த நாற்றைப் பற்றி அவனுக்கு இன்னும் தெரியாது.

அவன் நிலம் உழுது, பாத்தி கட்டிக் காலியாகக் கிடந்தது. ஆள் யாருமில்லை. வரப்போரம் வேப்பமர நிழல் விழக்கூடிய பக்கமாகப் பார்த்து, தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தாள். கிளம்பத் திரும்பியவள் நின்றாள். மறுபடி குனிந்தாள். கூழாங்கல் ஒன்றைப் பொறுக்கி, விளிம்பிலிருந்த மஞ்சள் புள்ளியைச் சுரண்டினாள். பழைய பெயின்ட், லேசில் விடவில்லை. கல்லுக்கு எட்டாத இடத்தில் நகத்தால் சுரண்டினாள். ஒரு தட்டு விடாமல் முடித்துவிட்டு, சைக்கிளைத் திருப்பினாள்.

வீட்டுக்கு வந்தபோது ரேடியோ சித்தி வேலியோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"விடிஞ்சும் விடியாம எங்கடி போயிட்டு வர்றே?"

"சும்மாத்தான் சித்தி."

சித்தி அவள் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் மஞ்சள் பொடி அப்பியிருந்தது. வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். பிறகு வேலிக்கு மேலாகத் தன் பூவாளியை எடுத்து நீட்டினாள். அது நிரம்பியிருந்தது.

சின்னவள் அதை வாங்கிக்கொண்டு நிழல்வலைக்குள் போனாள். வெயில் வருவதற்குள் எல்லா வரிசைக்கும் தெளிக்க வேண்டும்.