பின் இருக்கைச் சத்தம்

ஓடும்போது விழுந்திருந்தால்கூட அவ்வளவு மானம் போயிருக்காது. சின்னவள் நின்ற பிறகுதான் விழுந்தாள். பிரேக்கைப் பிடித்தாள், சைக்கிள் பதவிசாக நின்றது. காலைத் தரையில் ஊன்றப் போனாள். கால் வரவில்லை. பெடலோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே இருந்தது. திருதிருவென்று முழித்தபடி, சைக்கிளோடு சைக்கிளாக, மெதுவாக, மிக மெதுவாக இடப்பக்கம் சாய்ந்து, தொப்பென்று விழுந்தாள்.

நல்லவேளை, பார்த்தவர் யாருமில்லை. மூடிக்கிடந்த ஒரு கிடங்கு, அதன் பின்னால் சிமெண்டுத் திடல், அதைச் சுற்றிப் புல், ஓரத்தில் ஓயாமல் சொட்டும் ஒரு குழாய், அவ்வளவுதான். விடிந்தும் விடியாத நேரம். பனிமூட்டத்தில் திடலின் மறுகோடி தெரியவில்லை.

சின்னவள் என்றால் சிறுமி இல்லை, நாற்பதைத் தாண்டியவள். பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள். "நல்லா வாயைத் திறங்க, பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்று நாள் முழுக்க ஊராருக்கு எடுத்துக் கொடுக்கும் தைரியத்தில் தனக்கென்று ஒரு சிட்டிகைகூட அவள் மிச்சம் வைத்துக்கொள்ளவில்லை போலிருந்தது.

அந்த சைக்கிள் இரண்டு பேர் சேர்ந்து ஓட்டுவது. நீளமான வண்டி, முன்னும் பின்னும் இருக்கை. அக்காவுக்குக் கண்பார்வை போனதும் அத்தான் அதை வாங்கி வந்தார். முன்னால் அவர், பின்னால் அக்கா. பதினைந்து வருஷம் போல அவர்கள் போகாத தெரு இல்லை. விழுந்ததும் உண்டு. விழுந்தால் அத்தான் முதலில் வயிறு குலுங்கச் சிரிப்பார், பிறகுதான் அக்காவைத் தூக்கிவிடுவார். போன வருஷம் நெஞ்சுவலி வந்து அவர் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து அக்கா வாசல்படி தாண்டவில்லை. அவளோடு இருப்பதற்காகத் தன் ஜாகையைக் காலி செய்துவிட்டு வந்தாள் சின்னவள். ஜன்னலோர நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருப்பாள். கேட்டதற்கு மட்டும் பதில். அதுவும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. இன்னும் கொஞ்ச நாளில் இவள் பேச்சே மறந்துவிடுவாளோ என்று சின்னவளுக்கு உள்ளுக்குள் உதறல்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் தானாகவே வாயைத் திறந்தாள்.

"ஏண்டி பொடிசு, என்னை வண்டியில வெளிய கூட்டிட்டுப் போறியா? நீ முன்னாடி."

அதற்குப் பிறகு மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

பிடுங்கல் பெடலில்தான் இருந்தது. ஷூவின் அடியில் ஓர் இரும்புப் பல். அதை பெடலில் வைத்து அழுத்தினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். கழற்ற வேண்டுமானால் குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். மேலே இழுத்தால் உயிரே போனாலும் வராது. சின்னவளோ பயம் வந்ததும் மேலேதான் இழுத்தாள்.

"சாதா பெடல் போட்டுக்கலாமேக்கா."

"கண்ணு தெரியாதவளுக்குக் கால் எங்க இருக்குன்னாவது தெரியணும்டி. பெடல் வழுக்கிப் போச்சுன்னா நான் அதை எங்கேன்னு தேடறது?"

"சரி, உனக்குப் பூட்டு இருக்கட்டும். எனக்கு எதுக்கு?"

"பின்னாடி நான் மிதிச்சா முன்னாடியும் சேர்ந்து சுத்தும். உன் கால் நழுவிச்சுன்னா பெடல் கெண்டைக்காலைப் பதம் பார்த்துடும். உங்க அத்தான் காலைக் கேட்டிருந்தா கதை கதையா சொல்லியிருக்கும்."

தான் விழுந்தால் சிராய்ப்பு, மருந்து போட்டால் ஆறிவிடும். பார்வையில்லாதவளைப் பின்னால் வைத்துக்கொண்டு விழுந்தால்? அந்த நினைப்பு வயிற்றில் கல்லாகக் கிடந்தது. அதனால்தான் அக்காவை ஏற்றுவதற்கு முன் தனியாகப் பழக, வேலைக்குப் போகுமுன் வண்டியைத் திடலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

தனியாக ஓட்டும்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். இரண்டு ஜோடிப் பெடலும் ஒரே சங்கிலியில் பிணைந்தவை. அவள் மிதிக்க மிதிக்க, பின்னால் ஆளில்லாத பெடல்களும் கூடவே சுற்றின. பனி விலகி இளவெயில் வந்ததும், சிமெண்டுத் தரையில் விழுந்த நிழலில் அவள் கால்கள் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால் வெறும் பெடல்கள் தங்கள் பாட்டுக்கு ஏறி இறங்கின. அதைப் பார்க்க என்னவோ போலிருந்ததால் நேரே பார்த்து ஓட்டினாள்.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, குழாய் அருகே நிறுத்தப் போனபோது முதுகுக்குப் பின்னால் 'டக்' என்றது.

அந்தச் சத்தம் கேட்டதுமே அவள் குதிகால் தானாக வெளிப்பக்கம் திரும்பியது. கால் கழன்றது. ஊன்றினாள். விழவில்லை.

திரும்பிப் பார்த்தாள். பின் இருக்கை காலி. ஏதோ திருகு லூசாகி இருக்கும் என்று இறங்கி, பின்பெடலை ஆட்டிப் பார்த்தாள். எல்லாம் கிண்ணென்று இருந்தது. மறுபடி ஏறினாள். மறுபடி நிறுத்தப் போகும்போது, அவள் நினைப்பதற்கு ஒரு மூச்சு முன்னால், 'டக்'.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். அவளுக்கோ கை ரோமமெல்லாம் குத்திட்டு நின்றது. பின்சக்கரத்தின் டயர் ஆள் உட்கார்ந்தாற்போல் அழுந்தியிருப்பதாக வேறு தோன்றியது. தோன்றியதோ, உண்மையோ, குனிந்து பார்க்கத் துணிச்சல் இல்லை.

அன்று வீட்டுக்குத் திரும்பியபோது கீழ்வீட்டுக் கடிகாரக்காரர் மாடிப்படியருகே மறித்தார். வீட்டிலேயே கடிகாரம் பழுது பார்ப்பவர். பூதக்கண்ணாடிச் சில்லை ஒரு கண்ணில் இடுக்கிக்கொண்டே பேசுவார்.

"தங்கச்சி, காலங்காத்தால மேல உங்க அக்கா என்னம்மா பண்றாங்க? சரசரன்னு ஒரு சத்தம், நடுநடுவுல டக், டக். என் கடிகாரம் எது, உங்க வீட்டு டக்கு எதுன்னு புரியாம ஒரு நல்ல கடிகாரத்தைப் பிரிச்சுப் போட்டுட்டேன்."

"எலியா இருக்கும்ண்ணே."

"எலி ஷூ போட்டுக்கிட்டு நடக்குதா?" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் அந்தச் சத்தம் காதில் விழக்கூடாது என்பதற்காக வாய்க்கு வந்த பாட்டை உரக்கப் பாடிக்கொண்டே ஓட்டினாள். பாட்டில் சத்தம் அமுங்கியது. சத்தம் இல்லாததால் கால் திரும்பவும் மறந்தது. குழாய் அருகே மரம் சாய்வது போலச் சாய்ந்தாள். இடது முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

அழுகையை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, இடது முழங்கையில் ஈரத்துணியை ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா ஆச்சு?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன்."

சின்னவள் துணியை விலக்கிப் பார்த்தாள். தன் கையையும் பார்த்தாள். அதே இடம், அதே நீளம். கதவில் இடித்தால் இப்படிச் சிராய்க்காது. தரையில் தேய்ந்த காயம் அது. அவளுடைய காயத்தைக் கழற்றி அக்காவுக்கும் ஒட்டியது போல இருந்தது.

அன்றைக்கு மருத்துவமனையில் "பயப்படாதீங்க" என்று ஒருவரிடமும் அவளால் சொல்ல முடியவில்லை.

அடுத்த நாள் ஒரு காரியம் செய்தாள். வழக்கம்போல "போயிட்டு வரேன்க்கா" என்று சொல்லி இறங்கினாள். வண்டியைப் படிக்கட்டின் அடியிலிருந்து எடுத்து வாசலில் சாய்த்துவிட்டு, ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பூனை மாதிரி மேலே ஏறி வந்து கதவிடுக்கில் பார்த்தாள்.

அக்கா ஜன்னலோர நாற்காலியில் இருந்தாள். காலில் பழைய சைக்கிள் ஷூ. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, காற்றில் எதையோ பிடித்தாற்போல மூடியிருந்தாள். கால்கள் அசையாமல் காத்திருந்தன. உதடு மட்டும் முணுமுணுத்தது. நாற்காலிக்குக் கீழே சிமெண்டுத் தரையில் இரும்புப் பல் கீறிய கோடுகள், பிறை போல வளைந்து வளைந்து கிடந்தன.

"கிளம்பலையா பொடிசு?" என்றாள் அக்கா, திரும்பாமல். "வண்டி நிக்குதே."

சின்னவளின் கையிலிருந்து ஷூ நழுவி விழுந்தது.

"அக்கா... நீ என்ன பண்றே?"

அக்கா கையை இறக்கினாள். தப்பு செய்து அகப்பட்ட குழந்தை மாதிரி அவள் முகம் வாடியது. "நான் ஒண்ணும் பண்ணலடி. நீ விழக்கூடாதுன்னு சாமியை வேண்டிக்கிட்டு உட்கார்ந்தேன், அவ்வளவுதான். உட்கார்ந்தா கால் தானா சுத்துது. முகத்துல காத்து அடிக்குது. குழாய் சொட்டுற சத்தம் கேட்டா நீ நிறுத்தப் போறேன்னு தெரியுது, குதிகாலைத் திருப்பறேன். எப்படின்னு கேக்காதே. எனக்கே நெஞ்சு படபடங்குது."

"நேத்து?"

"நேத்து நீ என்னமோ கத்திக்கிட்டே ஓட்டினே. காது கொடுத்துக் கேக்க முடியல. நான் திருப்பினது உனக்கு எட்டல. நாற்காலியோட போய்த் தொப்புனு விழுந்தேன்."

சின்னவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெரிய உதவி செய்ய நம்மில் பலருக்கு வசதி இல்லை. ஒருத்தர் விழக்கூடாதென்று ஒரு மூலையில் உட்கார்ந்து மனசார நினைப்பதற்கு வசதி எதுவும் வேண்டாம். அந்த நினைப்பு எவ்வளவு தூரம் போய்ச் சேர்கிறது என்பது நினைப்பவருக்கே தெரியாது. ஆண்டவனுக்குத் தெரியும்.

ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு இதெல்லாம் ஆறுதலாக இல்லை. "வேண்டாம்க்கா," என்றாள். "நான் விழுந்தா உனக்கு அடிபடுதுன்னா இனிமே அந்த வண்டியைத் தொடமாட்டேன். வித்துடலாம்."

அக்காவுக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ.

"போடி இவளே! நீ அங்க தனியா விழறே, நான் இங்க தனியா விழறேன். அதுதான்டி எனக்குப் பயம். ஒரு வருஷமா தனியாத்தான் விழுந்துக்கிட்டிருக்கேன். சேர்ந்து விழுந்தா தூக்கிவிடப் பக்கத்துல ஒரு கை இருக்குமில்ல? எழுந்திரு. என்னைக் கீழ கூட்டிட்டுப் போ."

ஒரு வருஷத்துக்குப் பிறகு அக்கா வாசல்படி தாண்டினாள். தாண்டும்போது கதவு நிலையை ஒரு முறை தொட்டுக்கொண்டாள்.

திடல் வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். பனி விலகி இளவெயில் விழுந்திருந்தது. இருவரும் ஏறினார்கள். டக், டக். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. மிதித்ததும் வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது. பின்னாலிருந்து வந்த பலம் சின்னவளைத் தூக்கிக்கொண்டு போனது. தரை நிழலில் இப்போது பின்பெடலிலும் கால்கள் இருந்தன.

குழாய்ச் சத்தம் நெருங்கியது. சின்னவள் வழக்கம்போல அந்த 'டக்'குக்குக் காத்திருந்தாள்.

வரவில்லை.

இன்னும் காத்திருந்தாள். பின்னால் அமைதி. அப்போதுதான் உறைத்தது: முன்னால் இருப்பவள் வாயால் சொல்ல வேண்டும், பின்னால் இருப்பவள் அதற்குத்தான் காத்திருக்கிறாள். "அக்கா, இடது கால்!" என்று அலறினாள்.

"சரி!"

இரண்டு 'டக்'கும் ஒரே சமயத்தில் கேட்டன. சத்தம் சரியாகத்தான் இருந்தது. அலறிய வேகத்தில் சின்னவளின் உடம்பு வலப்பக்கம் சாய்ந்ததுதான் பிசகு. வலது கால்களோ பூட்டிக்கிடந்தன. நீள சைக்கிள் அக்காவையும் தங்கையையும் சேர்த்து, அவசரமே இல்லாமல், ஈரப்புல்லில் கிடத்தியது.

அவள் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான். இதோ நடந்துவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, "அக்கா?" என்றாள்.

பக்கத்தில் ஒரு குலுக்கல். அழுகிறாளோ என்று பதறித் திரும்பினாள். அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். புல் ஒட்டிய கன்னமும், எங்கோ பார்க்கும் கண்ணுமாக, சத்தமே வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"இடதுன்னு சொல்லிட்டு வலது பக்கம் படுக்க வெச்சுட்டியேடி!"

சின்னவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து ஓய்ந்து, அக்காவின் கையைப் பிடித்துத் தூக்கியபோது, வயிற்றில் இத்தனை நாள் கிடந்த கல்லைத் தேடிப் பார்த்தாள். காணவில்லை. அதன்பின் குழாயருகே நிறுத்தி நிறுத்திப் பழகினார்கள். ஒவ்வொரு முறையும் அவள் நிதானமாகச் சொன்னாள், அக்கா "சரி" என்றாள், கால்கள் ஊன்றின. மறுபடி விழவேயில்லை.

வெயில் ஏறத் தொடங்கியபோது வீடு திரும்பினார்கள். கடிகாரக்காரர் வாசலில் நின்றிருந்தார். அக்காவைக் கண்டதும் கண்ணிலிருந்த சில்லு கழன்று கையில் விழுந்தது.

"ரெண்டு பேரும் வெளியிலயா இருந்தீங்க?"

"ஆமாண்ணே. ஏன்?"

அவர் மேலே அண்ணாந்து பார்த்தார். "அப்ப மேல யாரு?"

சின்னவள் வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு மேலே பார்த்தாள்.

"இவ்வளவு நேரமும் கேட்டுச்சும்மா. அதே சரசர, அதே டக்கு. நடுவுல ஒரு தடவை தொப்புனு விழுந்துச்சு. அப்புறம்..." அவர் தயங்கினார். "ஒரு ஆம்பளை சிரிக்கிற மாதிரி இருந்துச்சு. வயிறு வலிக்கச் சிரிக்கிற மாதிரி."

சின்னவளின் முதுகில் சில்லென்று ஏதோ ஊர்ந்தது. அக்காவின் கையை இறுகப் பற்றினாள். அந்தக் கை நடுங்கவில்லை, வெதுவெதுப்பாக இருந்தது.

அக்கா கைப்பிடியைத் தடவிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். பூட்டைத் திறந்து உள்ளே போய், ஜன்னலோர நாற்காலியின் முதுகை மெல்ல வருடினாள்.

"பொடிசு, நாளைக்குக் கிளம்பறப்ப இதுல ஒரு தலகாணி போட்டுட்டுப் போகணும்டி. அவருக்கு ரொம்ப நேரம் உட்கார்ந்தா இடுப்பு பிடிச்சுக்கும்."